வெளிநாட்டு எம்பிஏவா, உள்ளூர் எம்பிஏவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் கல்விக் கடன் பிரிவில் இருந்த காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை. ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போடும்போதே, "சார், பையன் விஷயமா ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு முறை சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து எம்பிஏ படிக்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கட்டணம், விசா விதி எல்லாம் 2025 இறுதி நிலவரம். இரண்டும் அடிக்கடி மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. சார், சுருக்கமா சொல்லுங்க. வெளிநாடா, உள்ளூரா, எது நல்லது?

நாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தக் கல்லூரி, கையில் எத்தனை வருட வேலை அனுபவம், யார் பணம் என்ற மூன்றையும் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். லண்டன் பிசினஸ் ஸ்கூலும் லண்டனில்தான் இருக்கிறது. ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு தளத்தை வாடகைக்கு எடுத்து எம்பிஏ நடத்தும் கிளை வளாகமும் லண்டனில்தான் இருக்கிறது.

இருந்தாலும் என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு. படித்து முடித்து, ஏதோ காரணத்தால் ஊருக்கே திரும்பி வந்துவிட்டால், இங்கே கிடைக்கும் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகப் போகலாம். முடியாது என்றால், அங்கே வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்ற பந்தயத்தில் வீட்டை வைக்கிறீர்கள். கீழே வரும் பல பதில்களில் இதற்கே திரும்ப வருவேன். ரூபாய்க் கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

2. ரெண்டுக்கும் உண்மையில எவ்வளவு ஆகும்?

உள்ளூரிலேயே வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். டெல்லி பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ்ஸில் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து மூன்று லட்சத்துக்குள் முடிந்துவிடும். மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளான ஐஐஎம்களில், அகமதாபாத், பெங்களூர் போன்ற பழையவற்றில் 25 லட்சத்தைத் தாண்டும். திருச்சி ஐஐஎம் 20 லட்சத்தை ஒட்டி வரும். தனியார் கல்லூரியான ஹைதராபாத் ஐஎஸ்பியின் ஓராண்டுப் படிப்புக்கு 40 லட்சம் அளவில் ஆகும். நம் ஊரில் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால், பெரும்பாலான கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு உள்ளேயே கட்டணம் அடங்கும்.

வெளியே என்றால், ஹார்வர்டில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 75 ஆயிரம் டாலருக்கு மேல். தங்குவது, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர், அதாவது இரண்டேகால் கோடி ரூபாய். ஆனால் என் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஹார்வர்டு கேஸ் இல்லை. பிரிட்டனில் நடுத்தரமான ஒரு பல்கலைக்கழகத்தின் ஓராண்டு எம்பிஏதான். கட்டணம் 25 ஆயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே 30 லட்சம். லண்டனுக்கு வெளியே தங்கினாலும் மாதம் 1,100 பவுண்டு ஆகும். ஆண்டுக்கு 15, 16 லட்சம். அப்புறம் விசா கட்டணம், ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம், விமானச் செலவு, அங்கே போய் முதல் மாதம் கொடுக்க வேண்டிய வாடகை முன்பணம். 50 லட்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

3. கடன் வாங்கினா மாசம் எவ்வளவு கட்டணும்?

50 லட்சம், 11 சதவீத வட்டி என்று எடுத்துக்கொள்வோம். ஓராண்டுப் படிப்பு, அதன்பிறகு ஓராண்டு அவகாசம். இந்த இரண்டு ஆண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பது மட்டும் மறந்துபோகிறது. தனி வட்டியாகவே 11 லட்சம் சேர்ந்து, தவணை ஆரம்பிக்கும் நாளில் பாக்கி 61 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 84 ஆயிரம். 15 ஆண்டாக நீட்டினால் 69 ஆயிரமாகக் குறையும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது ஒன்றேகால் கோடி.

இப்போது ரூபாய்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊருக்குத் திரும்பி, ஆண்டுக்கு 10 லட்சம் என்று சொல்லப்படும் வேலையில் சேர்ந்தால், பிஎஃப் முதலியவை போகக் கைக்கு வருவது 70 ஆயிரத்தை ஒட்டி இருக்கும். தவணை 84 ஆயிரம். மீதியை யார் கட்டுவது? அப்பாதான். 58 வயதில், பென்ஷனிலிருந்து.

இதே கணக்கை ஒரு ஐஐஎம்முக்குப் போட்டால்: 20 லட்சம், 9 சதவீதம், இரண்டு ஆண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும். கடன் ஆண்டுக்குப் பாதியாகப் போகும் என்பதால் பாக்கி 24.5 லட்சமாகும், பத்து ஆண்டுக்குத் தவணை 31 ஆயிரம். சுமாரான வேலை கிடைத்தாலும் தள்ளிவிடலாம். படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் பல பொதுத்துறை வங்கிகளில் வட்டியில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. இதைக் கிளையில் நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

4. பையன் இப்பதான் பி.இ. முடிச்சான். நேரா எம்பிஏக்கு வெளிநாடு அனுப்பலாமா?

பொதுவாக வேண்டாம் என்பேன். அமெரிக்காவின் முன்னணி எம்பிஏக்களில் சேருபவர்கள் சராசரியாக நான்கைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களும் அந்த அனுபவத்துக்குத்தான் சம்பளம் தருகின்றன. அனுபவமே கேட்காமல் ஒரு கல்லூரி எம்பிஏவில் இடம் தருகிறது என்றால், அதற்கு மாணவன் முக்கியமா, கட்டணம் முக்கியமா என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இந்தியாவில் நிலைமை நேர் எதிர். ஐஐஎம்களின் இரண்டாண்டுப் படிப்பில் கல்லூரி முடித்த கையோடு சேருபவர்களும், ஒன்றிரண்டு வருட அனுபவம் உள்ளவர்களும் நிறைய. வளாகத்துக்கு வரும் நிறுவனங்களும் அவர்களை எதிர்பார்த்தே வருகின்றன. ஆக 22 வயதில் உள்ளூர், 27 வயதில் வெளிநாடு அல்லது ஐஎஸ்பி என்பதுதான் நான் வழக்கமாகச் சொல்லும் பாதை.

5. எம்பிஏ, எம்எஸ்சி மேனேஜ்மென்ட், பிஜிடிஎம்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. வெளிநாட்டில் எம்பிஏ வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு. ஐரோப்பாவில் அனுபவம் இல்லாதவர்களுக்காகவே மேலாண்மை முதுநிலைப் படிப்புகள் தனியாக இருக்கின்றன. பிரான்சின் எச்இசி, எஸ்ஸெக் இதற்குப் பெயர் போனவை. 22 வயதில் வெளிநாடு போயே தீர வேண்டும் என்றால் அந்த வரிசையில் பாருங்கள், எம்பிஏவில் அல்ல.

பிஜிடிஎம் என்பது பல்கலைக்கழக அந்தஸ்து இல்லாத தனி நிறுவனங்கள் தரும் டிப்ளமோ. 2017ஆம் ஆண்டு ஐஐஎம் சட்டம் வரும்வரை ஐஐஎம்களே அதைத்தான் கொடுத்துவந்தன. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் ஒப்புதல் இருந்தால் தனியார் வேலையில் யாரும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

6. கன்சல்டன்சில ஃப்ரீயாவே எல்லாம் செஞ்சு தர்றாங்களே சார், அப்புறம் என்ன?

உங்களிடம் வாங்கவில்லை, அவ்வளவுதான். மாணவன் சேர்ந்ததும் அந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் தருகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லா ஊரிலும் நடக்கும் வியாபாரம். ஆனால் கமிஷன் தராத கல்லூரியின் பெயர் அந்த மேசையில் வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐஐஎம் திருச்சியும் அவர்களுக்குக் கமிஷன் தராது, ஹார்வர்டும் தராது.

விண்ணப்பம், விசா ஆவணம் போன்ற எழுத்து வேலைக்கு அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எந்தக் கல்லூரி என்ற முடிவை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள். "ஸ்பாட் ஆஃபர், இன்றைக்கே டெபாசிட் கட்டினால் 3,000 பவுண்டு ஸ்காலர்ஷிப்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லோருக்கும் தருவதற்குப் பெயர் ஸ்காலர்ஷிப் இல்லை, தள்ளுபடி.

7. நல்ல காலேஜ்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லா வெப்சைட்லயும் 100% பிளேஸ்மென்ட்னுதான் போட்டிருக்கு.

உள்ளூர்க் கல்லூரி என்றால் விளம்பரத்தை மூடிவிட்டு மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப் தளத்துக்குப் போங்கள். தரவரிசை எண்ணைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லூரியும் மத்திய அரசுக்குக் கொடுத்த தகவல் தாள் அங்கே இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்று வரிசையாக இருக்கும். இடைநிலை என்றால் எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நடுவில் நிற்பவரின் சம்பளம். விளம்பரத்தில் 18 லட்சம் என்று சொல்லும் கல்லூரியின் தாளில் இது அதில் மூன்றில் ஒரு பங்காக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த 18 லட்சம் ஒருவருடையது. அதுவும் நிறுவனம் சொல்லும் சிடிசி, அதாவது அவர்களுக்கு ஆகும் மொத்தச் செலவு, கைக்கு வருவது இல்லை.

வெளிநாட்டுக் கல்லூரி என்றால் மூன்று மாதத்துக்குள் எத்தனை சதவீதத்தினருக்கு வேலை கிடைத்தது என்ற அறிக்கையைக் கேளுங்கள். அமெரிக்காவின் பெரிய கல்லூரிகள் இதை வெளிப்படையாகப் போடுகின்றன. அறிக்கையே இல்லை என்று ஒரு கல்லூரி சொன்னால் அதுவே பதில். அப்புறம் ஏஏசிஎஸ்பி, எக்விஸ், அம்பா என்ற மூன்று அங்கீகாரங்கள். மூன்றும் இருப்பது நல்ல அடையாளம், ஆனால் அது படிப்பின் தரத்துக்குத்தான், வேலைக்கு உத்தரவாதம் இல்லை. இந்த மூன்றையும் இந்தியாவில் முதலில் பெற்றது கல்கத்தா ஐஐஎம். இது வெளிநாட்டுக்கு மட்டுமே உரிய பெருமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

8. படிச்சு முடிச்சா அங்கேயே வேலை கிடைச்சிடும்ல?

இதைத்தான் எல்லோரும் ஒரு உறுதிமொழி மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். 2024இல் ஹார்வர்டிலேயே எம்பிஏ முடித்து வேலை தேடியவர்களில் 23 சதவீதத்தினருக்கு மூன்று மாதம் கழித்தும் வேலை அமையவில்லை. உள்ளூர்க்காரர்களும் சேர்ந்த கணக்கு அது. விசா தேவைப்படும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு தடை கூடுதல்.

பிரிட்டனில் படித்து முடித்தபின் இரண்டு ஆண்டு தங்கலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குள் விசா தரத் தயாரான நிறுவனம் அமைய வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 33,400 பவுண்டு, மற்றவர்களுக்கு 41,700. சரி, 35 ஆயிரம் பவுண்டு வேலையே கிடைத்தது என்று வையுங்கள். வரி போக மாதம் 2,390 பவுண்டு வரும். சிக்கனமாக 1,500இல் வாழ்ந்தால் மிச்சம் 890, ரூபாயில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் 84 ஆயிரம் தவணைக்கு. வாழ்க்கை ஓடும், ஆனால் அமெரிக்க மாப்பிள்ளை ரேஞ்சுக்குக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

கனடாவில் முதுநிலைப் படிப்பு ஓராண்டாக இருந்தாலும் மூன்று ஆண்டு வேலை அனுமதி கிடைக்க வழி உண்டு. ஆனால் மாணவர் எண்ணிக்கைக்கு 2024 முதல் உச்சவரம்பு வந்துவிட்டது, நம்மவர்களுக்கு விரைவாக விசா தந்த தனி வழியையும் அந்த ஆண்டு நவம்பரில் மூடிவிட்டார்கள். சிங்கப்பூரில் 2023 முதல் வேலை அனுமதிக்குப் புள்ளி முறை. எங்குமே பழைய கதவு இல்லை.

9. எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணுமாமே? அப்ப அமெரிக்கா போகவே கூடாதா?

அமெரிக்க வேலை விசாவான எச்-1பி பற்றி 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு அது. வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய மனுக்களுக்கு. அங்கேயே மாணவர் விசாவில் படித்து, நாட்டுக்குள் இருந்தபடியே எச்-1பிக்கு மாறுபவருக்கு அந்தக் கட்டணம் பொருந்தாது என்று அடுத்த மாதமே குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது. ஒரு வகையில் பார்த்தால், அங்கே படித்தவருக்கு இது சாதகம்.

ஆனால் குலுக்கல் போகவில்லை, 2026 முதல் அதிகச் சம்பள வேலைகளுக்கு அதில் கூடுதல் வாய்ப்பு. ஆண்டுக்கு 85 ஆயிரம் இடம், அதற்குப் பல மடங்கு மனுக்கள். படித்து முடித்ததும் 12 மாதம் வேலை பார்க்கலாம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் வந்தால் இன்னும் 24 மாதம், அதாவது குலுக்கலில் கூடுதல் வாய்ப்புகள். பல அமெரிக்கக் கல்லூரிகள் எம்பிஏவையே அந்தப் பிரிவில் கொண்டுவந்துவிட்டன. நீங்கள் சேரப்போகும் படிப்பு அதில் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

10. ஜெர்மனியில படிப்பே இலவசம்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்க ஆரம்பித்துவிட்டது. எம்பிஏ என்றால் அங்கேயும் இலவசம் இல்லை, பல பத்தாயிரம் யூரோ.

செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடியும் கணக்கு) காட்ட வேண்டும், நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் வாங்க வேண்டும். ஜெர்மன் மொழி தெரியாமல் நிர்வாக வேலை கிடைப்பது கடினம். கம்ப்யூட்டர் வேலைக்கு ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். விற்பனை, மனிதவளம் போன்ற வேலைகளில் முடியாது. படிப்போடு சேர்த்து மொழியையும் ஒழுங்காகப் படிக்கும் பிள்ளையாக இருந்தால், 3ஆம் கேள்வியின் கணக்கில் நன்றாகத் தேறும் வழி இதுதான்.

11. இருக்கிறது ஒரே வீடு. அதை ஈடு வெச்சு அனுப்பலாமா?

ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலான வங்கிகள் ஈடு கேட்கும். மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒரு கட்டு காகிதம். தாத்தா பெயரில் இருக்கும் வீடு என்றால் அத்தை, சித்தப்பா எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அதிலேயே பாதி கேஸ் நின்றுவிடும். விவசாய நிலத்தை வங்கிகள் விரும்புவதில்லை. கடன் வராமல் போனால் வங்கி நீதிமன்றம் போகாமல் சொத்தை எடுக்கும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. ஊரில் ஐந்து ஏக்கர் இருக்கிறது என்று தெம்பாக வந்தவர்கள் முகம் தொங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கவனித்த ஒன்று. எம்ஓடி (பத்திரத்தை ஈடாக ஒப்படைக்கும் ஆவணம்) பதிவு செய்யும் நாளில் அப்பாக்கள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அம்மாதான், "வேலை கிடைக்கலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பையனிடமிருந்து தெளிவான பதில் வந்த வீடுகளில் பின்னால் பிரச்சினை வந்து பார்த்தது குறைவு.

ஒரே வீடு என்றால் என் கருத்து: ரூபாய்க் கணக்கில் தேறினால் மட்டும் வையுங்கள். ஈடே இல்லாமல் தரும் தனியார் நிதி நிறுவனங்களும் உண்டு, அங்கே வட்டி அதிகம், அவகாச காலத்திலேயே வட்டி கட்டச் சொல்வார்கள். மாறாக, ஐஐஎம் போன்ற கல்லூரிகளுக்குப் பொதுத்துறை வங்கிகளே ஈடில்லாமல் தருகின்றன. பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள இந்தியக் கல்லூரிகளுக்கு ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு அவகாச காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு இந்தத் திட்டம் கிடையாது.

12. பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்னு என் ஃபிரண்ட் சொல்றான்.

பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. குறைந்தபட்சக் கூலி 2025-26இல் மணிக்கு 12.21 பவுண்டு. முழு 20 மணி நேரமும் கிடைத்தால் மாதம் ஆயிரம் பவுண்டு சொச்சம். வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் சரியாகப் போகும். கட்டணத்துக்கு எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் வளாகத்துக்குள் மட்டும்தான் வேலை. அதோடு, எம்பிஏவில் வேலை தேடுவதே பாதிப் படிப்பு. ராத்திரி கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலையில் நேர்காணலுக்குப் போய் உட்காரும் பையனுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

13. ஸ்காலர்ஷிப்பே கிடையாதா?

உண்டு, ஆனால் கடுமையான போட்டி. பிரிட்டன் அரசின் செவனிங் பெரும்பாலான செலவைத் தரும், ஆனால் எம்பிஏ என்றால் கல்விக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்துவிட்டு இரண்டு ஆண்டாவது நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தும் கேள்விப்படாமலே கடனுக்கு வந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐஐஎம்களும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி தருகின்றன.

14. வரிச் சலுகை ஏதாவது இருக்கா?

வருமான வரியில் (2026 மார்ச் வரை இருந்த சட்டத்தில் 80இ பிரிவு) கல்விக் கடன் வட்டி முழுவதையும், எட்டு ஆண்டு வரை, வருமானத்திலிருந்து கழிக்கலாம். உள்நாடு, வெளிநாடு இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். மாமாவிடம் வாங்கிய கடனுக்குக் கிடையாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது, வங்கிக் கடனாக இருந்தால் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தம் இல்லை; சொந்தப் பணம் என்றால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்குப் பிடிப்பார்கள் (2025-26இல் 5 சதவீதம்), கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

15. கேட்ல மார்க் வரல. ஒரு வருஷம் வீணாக்குறதுக்குப் பதில் வெளிநாடு போயிடலாமே?

ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட்டில் வராத மதிப்பெண்ணுக்காக 50 லட்சம் கடன் வாங்குவது விசித்திரமான தீர்வு. அந்த ஒரு வருடம் வேலைக்குப் போங்கள். சம்பளமும் வரும், அனுபவமும் சேரும், 4ஆம் கேள்வியில் சொன்ன வழியும் திறக்கும். கேட் ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கிறது, அது எங்கும் ஓடிவிடாது.

நம் ஊர்ப் பிள்ளைகள் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. பிசி, எம்பிசி சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். ஐஐஎம்மில் 27 சதவீத ஓபிசி (பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லை என்ற தனிச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்ச வரம்பில் சேராது. உயர் அரசுப் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு விதி. இது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு, கட்-ஆஃப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

16. அப்ப பக்கத்து ஊர் காலேஜ்ல குறைஞ்ச ஃபீஸ்ல எம்பிஏ படிச்சா போதுமா?

விலை மலிவு என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். கட்டணம் ஒன்றரை லட்சம்தான், ஆனால் இரண்டு ஆண்டும் போகிறதே. அந்த இரண்டு ஆண்டுச் சம்பளத்தையும் செலவில் எழுத வேண்டும். 7ஆம் கேள்வியில் சொன்ன தாளை எடுத்துப் பாருங்கள். பி.காம் முடித்தவருக்கே கிடைக்கும் சம்பளம்தான் அங்கே எம்பிஏவுக்கும் என்றால் எதற்கு அந்தப் படிப்பு? மற்றபடி, நல்ல ஆசிரியர்களும் சென்னை, கோவை நிறுவனங்களோடு தொடர்பும் உள்ள அரசுப் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன. பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும் போட்ட காசுக்கு மேல் திரும்பத் தரும் இடங்கள் அவை.

17. எங்களுக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனி. வேலைக்கே போகப் போறதில்ல, பையன் தொழிலைப் பார்க்கணும். இதெல்லாம் பொருந்துமா?

விசா, பிளேஸ்மென்ட் பதில்களை அப்படியே விட்டுவிடுங்கள். கடன் இல்லாமல் சொந்தப் பணத்தில் அனுப்ப முடிந்தால், உங்கள் பையனுக்கு வெளிநாடு மற்ற எல்லோரையும்விடப் பயன்படும். உங்கள் சரக்கு போகும் ஊரில் ஒரு வருடம் இருந்து, கடை எப்படி வாங்குகிறது, எதற்குத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்து வருவது எந்தப் பாடத்திலும் இல்லாதது. இல்லை, கம்பெனியை விட்டு நகர முடியாது என்றால், ஐஎஸ்பியிலும் மும்பை எஸ்.பி. ஜெயினிலும் குடும்பத் தொழில் செய்பவர்களுக்கென்றே தனிப் படிப்புகள் உள்ளன. இடையிடையே வகுப்பு, மற்ற நாளில் தொழில்.

18. பொண்ணுக்கு அட்மிஷன் வந்திருக்கு. கல்யாணம் முடிச்சு மாப்பிள்ளையோட சேர்த்தே அனுப்பிடலாம்னு வீட்ல சொல்றாங்க.

பிரிட்டன் என்றால் முடியாது. 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்ற முதுநிலை மாணவர்கள் கணவனையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போக முடியாது. அமெரிக்காவில் கூடப் போகலாம், ஆனால் எஃப்-2 விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. மாப்பிள்ளை வீட்டில் இதைத் தெரிந்துதான் பேசுகிறார்களா என்று கேளுங்கள். அட்மிஷன் நல்ல கல்லூரியில் என்றால், அவளைத் தனியாக அனுப்புங்கள். கல்யாணம் ஓராண்டு தள்ளினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

19. திரும்பி வந்தா அந்த டிகிரிக்கு இங்க மதிப்பு இருக்கா?

தனியார் துறையில் கல்லூரிப் பெயரைத்தான் பார்ப்பார்கள். இன்சியாட், லண்டன் பிசினஸ் ஸ்கூல் என்றால் மும்பையில் கதவு திறக்கும். பெயர் தெரியாத கல்லூரி என்றால், நம் ஊர் மனிதவள மேலாளர் அதை இரண்டாம் நிலை ஐஐஎம்முக்குக் கீழேதான் வைப்பார். கசப்பாக இருந்தாலும் அப்படித்தான்.

அரசு வேலைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் இணைச் சான்று, அதாவது அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற சான்று வேண்டும். பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்தை ஏற்பதாக 2022 ஜூலையில் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. ஆனாலும் நீங்கள் படிக்கும் படிப்புக்கு இணைச் சான்று கிடைக்குமா என்று சேரும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, வளாகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் காலத்தில் நீங்கள் வெளிநாட்டில் இருப்பீர்கள். திரும்பி வந்து தனியாகத் தேடும்போது கைகொடுக்கப் பழைய மாணவர் வட்டமும் இங்கே பெரிதாக இருக்காது.

20. டாலர் ஏறிக்கிட்டே போகுது. அது நமக்கு நல்லதா கெட்டதா?

அங்கே சம்பாதித்தால் நல்லது, இங்கே சம்பாதித்து அங்கே கட்டினால் கெட்டது. 2011 தொடக்கத்தில் ஒரு டாலர் 45 ரூபாய். 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டிவிட்டது. இரண்டாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இன்றைய விலையில் கணக்குப் போடாதீர்கள், பத்து சதவீதமாவது கூட்டி வையுங்கள். வங்கி அனுமதித்தது ரூபாயில். டாலர் ஏறி அது பத்தாமல் போனால் நடுவில் கூடுதல் கடன் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

21. டெபாசிட் கட்டியாச்சு, விசாவும் வந்தாச்சு. இப்ப இதையெல்லாம் படிச்சதும் பயமா இருக்கு. விட்டுடலாமா?

முதலில் 3ஆம் கேள்வியின் கணக்கை உங்கள் எண்களோடு ஒரு தாளில் போடுங்கள். தேறினால் பயத்தை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். தேறவில்லை என்றால், கட்டிய டெபாசிட்டுக்காக மீதி 45 லட்சத்தையும் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சேர்க்கைக் கடிதத்தில் பணம் திரும்பத் தரும் விதி என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் படியுங்கள். விசா மறுக்கப்பட்டால் மட்டுமே திருப்பித் தருவோம் என்று பல கல்லூரிகள் எழுதியிருக்கும், சிலவற்றில் ஒரு பகுதியாவது கிடைக்கும்.

விட மனமில்லை என்றால், அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரிக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள், கன்சல்டன்சி வழியாக வேண்டாம். பல இடங்களில் சம்மதிப்பார்கள், டெபாசிட்டும் அப்படியே நிற்கும். விசா புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். வங்கியில் அனுமதி மட்டும் ஆகி, பணம் இன்னும் போகவில்லை என்றால் வட்டி ஓடாது. கிளை மேலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்து நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்திருந்தால், எம்ஓடியை ரத்து செய்து ரசீதோடு திரும்ப வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.